பத்து அணிக்கு ஆடிய தடுப்பாட்டக்காரர்: கெட்டிக்காரரா, கழித்துவிடப்பட்டவரா?

கேள்வி
2025 டிசம்பர் 14, மாலை

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மகன் ஹாக்கி ஹாக்கி என்று அலைகிறான். யூடியூபில் தேடப்போய் அது அவனை ஐஸ் ஹாக்கியில் கொண்டுபோய் விட்டுவிட்டது. நேற்று ஒரு பெயரைக் காட்டினான். ஜே.ஜே. டேன்யோ. கனடாக்காரர், தடுப்பாட்டக்காரர். என்.ஹெச்.எல். என்கிற பெரிய லீக்கில் மட்டும் பத்து அணிக்கு ஆடியிருக்கிறார். "இவர் பெரிய ஆளாப்பா?" என்று கேட்கிறான். நல்ல ஆட்டக்காரனை எந்த அணியாவது வெளியே விடுமா? பத்து அணி விட்டிருக்கிறது என்றால் என் கணக்கில் அது தோல்விக் கதைதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்
டிசம்பர் 14, இரவு 10.20

விடாது. உங்கள் கணக்கு சரி. மகனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 15, காலை 5.45

மேலே எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். சரி, இருக்கட்டும்.

ராத்திரி படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. நான் கபடிக்காரன். இடது கார்னர், அதாவது தடுக்கிற வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவன். 1997-இல் தொடங்கி பன்னிரண்டு வருடம் ஆடினேன். சொந்த ஊர் டீமுக்கு ஆடியது முதல் மூன்று வருடம்தான். அப்புறம் உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம், வாடிப்பட்டி, சோழவந்தான், நிலக்கோட்டை, ஒரு தடவை கம்பம் வரைக்கும் என்று கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போனேன். பனியனில் ஊர்ப் பெயர் மாறும், நம்பரும் மாறும். எண்ணிப் பார்த்தால் பதினாலு ஊர். நேற்று நானே எழுதிய தீர்ப்பின்படி நான் பதினாலு தடவை தோற்றவன். போனை வைத்த பிறகுதான் இது உறைத்தது.

ஆனால் அந்தப் பதினாலு ஊரிலும் எவனோ ஒருத்தன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "கார்னருக்கு அவனக் கூப்பிடுங்கடா" என்று சொல்லியிருக்கிறான். சொல்லாமல் என் வீட்டுக்கு எப்படி ஆள் வந்தது? டேன்யோவுக்கும் அப்படிப் பத்து டீக்கடையில் பேச்சு நடந்திருக்கும். அவர்கள் ஊரில் டீக்கடை இல்லை, ஏதோ ஆபீஸ் அறை. பேச்சு ஒன்றுதான்.

கடை திறக்க வேண்டும். மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

டிசம்பர் 15, இரவு

கபடிக்காரனுக்கு ஐஸ் ஹாக்கி எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அக்கா மகன் எட்மன்டனில் இருக்கிறான். அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் நமக்குக் காலை ஏழரை. வீடியோ காலில் போனை டிவிக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு அவன் சாப்பிடுவான், நான் பல் விளக்கிக்கொண்டே பார்ப்பேன். இரண்டு வருடம் தொடர்ந்து அவர்கள் ஊர் அணி இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் தோற்றதை நானும் கூட இருந்து பார்த்தேன். எனக்கு எட்மன்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகச் சொல்ல வராது, ஆனால் வயிற்றெரிச்சல் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கோல்கீப்பர் ஒருவர், முன்னால் மூன்று பேர், பின்னால் தடுக்க இரண்டு பேர். அந்த இரண்டு இடத்துக்கு ஆறு பேரை வைத்துக்கொண்டு ஜோடி ஜோடியாக மாற்றுவார்கள். முக்கால் நிமிடம் ஆடுவான், மூச்சு வாங்கியதும் பலகையைத் தாண்டி வெளியே வந்து உட்காருவான், அடுத்த ஜோடி உள்ளே குதிக்கும். இதற்காக ஆட்டம் நிற்காது.

இப்போது நான் சொல்ல வந்தது. எதிராளி ரப்பர் வில்லையைத் தட்டிக்கொண்டு முழு வேகத்தில் பாய்ந்து வருகிறான். தடுப்பவன் அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சறுக்க வேண்டும். பின்பக்கமாக, அதே வேகத்தில். நெருங்கினால் ஒரே வெட்டில் தாண்டிப் போய்விடுவான். தள்ளி நின்றால் நிதானமாகக் குறி பார்த்து அடிப்பான். கையில் இருக்கும் மட்டை எட்டுகிற தூரம்தான் கணக்கு. வில்லையைப் பார்க்காதே, ஆளின் நெஞ்சைப் பார் என்று சின்னப் பையனிலேயே சொல்லிக் கொடுக்கிறார்களாம். மருமகன் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கார்னர் பழக்கிய அண்ணன் சொன்னது: "கையப் பாக்காதடா. கை பொய் சொல்லும். இடுப்பப் பாரு, அது சொல்லாது."

கார்னரும் பின்னால் போய்க்கொண்டே ஆடுகிறவன்தான். பாடி வருகிறவன் ஒரு அடி வைத்தால் நாம் அரை அடி பின்வாங்குவோம். எல்லைக் கோடு குதிகாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது அங்கே இருப்பது பார்க்காமலே தெரிய வேண்டும். அவன் போனஸ் கோட்டுக்காகக் காலை நீட்டுகிற அந்த அரை நொடியில் இறங்கிக் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். ராத்திரி ஆட்டத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே எல்லாக் காலும் ஒரே மாதிரி மண் நிறத்தில் இருக்கும். வியர்வையும் மண்ணும் சேர்ந்து வழுக்கும். பெருவிரலை உள்பக்கம் மடக்கிப் பிடித்தால் நழுவாது. வெளியே விட்டால் விரல் போச்சு. என் வலது பெருவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது.

டிசம்பர் 17

வேலை நேரத்தில் மருமகனுக்குப் போன் போட்டு டேன்யோவைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன மாமா, இந்நேரத்துல? எதும் விசேஷமா?"

"டேன்யோன்னு ஒருத்தன் தெரியுமாடா?"

"அய்யய்யோ. எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருக்காரு. அவருகிட்ட அந்தப் பேரச் சொல்லிடாதீங்க."

1987 இறுதிச் சுற்று. எட்மன்டனும் ஃபிலடெல்ஃபியாவும். அப்போது எட்மன்டனில் ஆடியவர் வேய்ன் கிரெட்ஸ்கி, அந்த ஆட்டத்தின் டெண்டுல்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் கோப்பை. எட்மன்டன் மூன்று ஜெயித்தாயிற்று. ஆறாவது ஆட்டம் ஃபிலடெல்ஃபியா மைதானத்தில். எட்மன்டன் 2-0 முன்னிலை. அங்கிருந்து 2-2 ஆகி, கடைசிப் பகுதியில் நீலக் கோட்டுக்கு (எதிரணிப் பகுதி தொடங்குகிற கோடு) பக்கத்திலிருந்து ஒருத்தர் ஓங்கி அடித்தார். 3-2. அடித்தவர் டேன்யோ. கோல் அடிக்க வைத்திருக்கிற ஆளே இல்லை அவர். ஏழாவது ஆட்டத்தில் எட்மன்டன் ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது, அது வேறு. ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் பழைய ஆட்களிடம் 1987 என்று சொன்னால் அந்த ஒரு அடியைத்தான் பேசுவார்களாம். கோப்பை கைக்கு வரவில்லை, அடி மட்டும் மிச்சம்.

கேட்டவருக்கு இன்னொரு தகவல். டேன்யோவை 1984-இல் வான்கூவர் எடுத்தது, அணிகள் புதுப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற அந்த வருடத் தேர்வில் பத்தாவது ஆளாக. ஊர் உலகத்துப் பையன்களில் பத்தாவது. அப்போதே ஒதுக்கப்பட்டவர் இல்லை. 1993-இல் மான்ட்ரியல், என்.ஹெச்.எல். கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வாங்கியபோது அந்த அணியில் இருந்தார். அதற்குப் பிறகு 2025 வரை கனடா ஊர் அணி எதுவும் அந்தக் கோப்பையை வாங்கவில்லை. மொத்தம் 899 ஆட்டம். இன்னும் ஒன்று ஆடியிருந்தால் 900. அந்த ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

டிசம்பர் 17, கொஞ்சம் கழித்து

"மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா?" என்று கேட்ட நண்பருக்கு: ஐஸ் எங்களுக்கும் தெரியும். மீன் மார்க்கெட்டில் மரத்தூளோடு பார்த்திருக்கிறோம், ஜிகர்தண்டாவில் தின்றிருக்கிறோம். மேலே ஏறி நின்றதில்லை, அவ்வளவுதான். லடாக்கில் குளம் உறைந்ததும் பிள்ளைகள் மட்டையோடு இறங்கிவிடுகிறார்கள். இந்தியப் பெண்கள் அணி 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. தெப்பக்குளம் உறையட்டும், நாமும் பார்க்கலாம்.

டிசம்பர் 20

ஒருவர் சொல்லியிருக்கிறார்: "அணி மாறியதில் சாதனை மைக் சிலிங்கருடையது, 12 அணி." உண்மைதான். ஆனால் அவர் முன்னால் ஆடியவர். இங்கே பேச்சு பின்னால் நிற்கிறவனைப் பற்றி. இரண்டும் ஒன்றில்லை என்பதுதான் என் கட்சி.

முன்னால் ஆடுகிறவனுக்குக் கணக்கு இருக்கிறது. இத்தனை கோல், இத்தனை பாயின்ட். கபடியில் பாடிப் போகிறவனுக்கும் அப்படித்தான், மைக்கில் பெயர் வந்துகொண்டே இருக்கும், நோட்டீஸில் படம் போடுவார்கள். கார்னர் நன்றாக ஆடினால் என்ன நடக்கும்? எதிராளி அந்தப் பக்கமே வர மாட்டான். ஒரு ராத்திரி முழுக்க நான் நின்ற மூலைக்கு ஒருத்தனும் வராமல் ஆட்டம் முடிந்திருக்கிறது. என் கணக்கில் அது என் சிறந்த ஆட்டம். நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிற பையன் என் பெயருக்கு நேரே சைபர் போட்டிருந்தான்.

அந்த சைபரின் விலை யாருக்குத் தெரியும் என்றால், நாளைக்கே ஒரு கார்னர் இல்லாமல் தவிக்கிற டீமுக்குத்தான் தெரியும். அதனால்தான் தடுப்பாட்டக்காரன் பயணம் போகிறான் என்று நினைக்கிறேன்.

அங்கே இது எப்படி நடக்கிறது என்று மருமகன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஒப்பந்தம் அணியோடு போட்டாலும் அந்த அணி உங்களை இன்னொரு அணிக்கு மாற்றிவிடலாம், பெரும்பாலும் உங்களைக் கேட்கவே மாட்டார்கள். மார்ச் மாதம் ஒரு கடைசி நாள் வைத்திருக்கிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். கோப்பை வாங்கும் நிலையில் இருக்கிற அணிகள் அந்த வாரத்தில் முக்கியமாகத் தேடுவது தடுப்பாட்டக்காரனை. அதிலும் வலது பக்கம் மட்டை பிடிக்கிற தடுப்பாட்டக்காரன் கிடைப்பது அரிது. எங்கள் பக்கம் இடது கார்னர் மாதிரி.

கீழ் லீக்குக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற அணிகளுக்குக் காட்ட வேண்டும். 24 மணி நேரம். யாராவது வேண்டும் என்றால் எடுத்துக்கொள்வார்கள். யாரும் கேட்காவிட்டால் கீழே போக வேண்டியதுதான். அனுபவம் குறைந்த இளைஞர்களுக்கு இது கிடையாது, நேராக இறக்கிவிடலாம். கீழே ஏ.ஹெச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.ஹெச்.எல். அங்கே பெரும்பாலும் பஸ் பயணம். ராத்திரி ஆடிவிட்டு, பஸ்ஸிலேயே தூங்கி, காலையில் அடுத்த ஊர்.

அந்த 24 மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். போன் மேசையில் இருக்கிறது. கூப்பிட்டால் மூட்டை கட்ட வேண்டும், கூப்பிடாவிட்டாலும் மூட்டை கட்ட வேண்டும்.

டிசம்பர் 21

லூக் ஷென். இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மகனுக்குச் சொல்லலாம். 2008-இல் டொரான்டோ அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது. வலது பக்கம் மட்டை பிடிக்கிறவர், உடம்பைக் கொண்டுபோய் மோதுகிறவர். அப்புறம் ஃபிலடெல்ஃபியா, அங்கே தம்பியும் அவரும் ஒரே அணி. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ், அரிசோனா, அனஹைம். முப்பதைத் தொடும் வயதில் ஏ.ஹெச்.எல்.-க்கு இறக்கிவிட்டார்கள். ஐந்தாவது ஆளாக வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! முடிந்தது கதை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அங்கிருந்து ஏறி வான்கூவர், அப்புறம் டாம்பா. டாம்பாவில் 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டான்லி கோப்பை. கோப்பையின் வெள்ளிப் பட்டையில் பெயரை வெட்டுவார்கள், இரண்டு தடவை வெட்டியிருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2025 மார்ச். நாஷ்வில் அவரை பிட்ஸ்பர்குக்கு மாற்றியது. இரண்டே நாளில் பிட்ஸ்பர்க் அவரை வின்னிபெக்குக்கு மாற்றியது. பிட்ஸ்பர்குக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து, வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாளே வேறு இடத்தில் முடித்த மாதிரி.

டிசம்பர் 24

நேற்றிலிருந்து இரண்டு பேர் "காசு எப்படி?" என்று கேட்கிறீர்கள். அங்கே மேல் லீக்கில் ஆள் ஒன்றுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 2025-26 சீசனில் வருடத்துக்கு 7,75,000 டாலர். ஈ.சி.ஹெச்.எல்.-இல் வாரச் சம்பளம், தங்க இடம் அணியே கொடுத்துவிடும். ஆட்டம் ஒன்றுதான், பனி ஒன்றுதான், இடைவெளி இவ்வளவு.

எங்களுக்கு பஸ் காசு, சாப்பாடு, ஜெயித்தால் கையில் ஏதாவது. ஒரு ஊர், பெயர் வேண்டாம். 2003 வாக்கில் இருக்கும். இறுதி ஆட்டம் முடியும்போது ராத்திரி ஒன்றரை. ஜெயித்துவிட்டோம். ஒரு பணமுடிப்பு, ஆளுயரக் கோப்பை, ஒரு கிடாய். கோப்பை அவர்கள் ஊருக்கு, கிடாய் மறுநாள் விருந்துக்கு, வெளியூரிலிருந்து வந்த எங்கள் இரண்டு பேருக்கும் பேசிய காசு "காலையில வாங்கிக்கலாம் தம்பி". கூட வந்தவன் பைக்கில் தொற்றிக்கொண்டு போய்விட்டான். நான் பஸ் ஸ்டாப் திண்ணையில் படுத்தேன். முழங்கை தோல் உரிந்து பனியனோடு ஒட்டிக்கொண்டது. காலையில் அவர் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி வாசல் தெளித்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அவுக கம்மாய்க்குப் போயிருக்காக." எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கம்மாயிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. டீக்கடைக்காரரிடம் பன்னிரண்டு ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு ஆரப்பாளையம் வந்து சேர்ந்தேன்.

அடுத்த வருடம் அதே ஊரிலிருந்து ஆள் வந்தது. போனேன். அதை ஏன் கேட்கிறீர்கள்.

டிசம்பர் 24, தொடர்ச்சி

டீக்கடைக்காரருக்கு அந்தப் பன்னிரண்டு ரூபாயை அடுத்த வருடம்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லா புடிச்சீங்க தம்பி" என்றார். ஒரு வருடம் கழித்து.

டிசம்பர் 28

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தால் நானே எனக்கு வக்கீல் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. கேட்டவரும் மெல்லக் குத்தியிருக்கிறார்: "கூப்பிட்டார்கள் என்கிறீர்கள், சரி. ஏன் வைத்துக்கொள்ளவில்லை?" இதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் இல்லை என்பதுதான் பாதிப் பதில். சொந்த ஊர் டீம் என்னை விட்டதற்குக் காரணம் என்னைவிட நல்ல ஒருத்தன் வளர்ந்து வந்ததுதான். என் சித்தப்பா மகன். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

ஆனால் ரான் ஹெய்ன்சி கதையைக் கேளுங்கள். அமெரிக்கர், தடுப்பாட்டக்காரர். 2000-இல் மான்ட்ரியல் பதின்மூன்றாவது ஆளாக எடுத்தது. அப்புறம் கொலம்பஸ், அட்லான்டா, அந்த அணியே வின்னிபெக்குக்கு இடம் மாறியது, இவரும் கூடவே போனார், அப்புறம் கரோலைனா. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நாக் அவுட் ஆட்டம் ஆடவில்லை. 907 ஆட்டம். நாக் அவுட் பக்கமே போகாமல் அவ்வளவு ஆட்டம் ஆடியவர் அதற்கு முன் யாரும் கிடையாது. இப்படியும் ஒரு சாதனை.

2017 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவரை வாங்கியது. அப்புறம் அந்த அணியின் முதல் தடுப்பாட்டக்காரர் கிரிஸ் லெடாங்குக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை, அந்த சீசனில் இனி ஆட முடியாது என்றாகிவிட்டது. ஹெய்ன்சிக்கு 36 வயது. ஏப்ரலில் முதல் நாக் அவுட் ஆட்டம். பிட்ஸ்பர்க் அந்தச் சுற்றுகளில் ஆடிய 25 ஆட்டத்திலும் ஆடினார். ஜூனில் நாஷ்வில்லை வென்று கோப்பை. 907 ஆட்டம் வாசலில் நின்றவன், உள்ளே போன முதல் வருடமே கையில் தூக்கிவிட்டான்.

அவரைக் கரோலைனா வைத்துக்கொண்டிருந்தால்? அங்கேயே மரியாதையாக ஓய்வு பெற்றிருப்பார், கையில் ஒன்றும் இருந்திருக்காது. விட்டதால் கிடைத்தது. "விட்டார்களே" என்று கேட்டவருக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி இவர்தான். ஒரே ஒரு சாட்சி என்பதும் தெரிகிறது.

2026 ஜனவரி 2

வீட்டில் இதையெல்லாம் வாசித்துவிட்டார்கள்.

முதல் திருத்தம்: பதினாலு இல்லை. "கம்பத்துக்குப் போனீங்க, ஆடுனீங்களா? மழை வந்து எல்லாம் ஓடி வந்தீங்கள்ல. நனைஞ்ச பையத் தொவச்சது நான்." ஆக பதின்மூன்று. ஷென்னின் பிட்ஸ்பர்க் கணக்கில் வராது என்றால் என் கம்பமும் வராது. நியாயம்தான்.

இரண்டாவது: "அந்தப் பத்து டீம் ஆளு, அவரு வீட்டம்மா பத்து வீடு காலி பண்ணிருப்பாக. கேஸ் கனெக்‌ஷன், பால்காரன், புள்ளைக்குப் பள்ளிக்கூடம். அதப் பத்தி ஒருத்தரும் எழுதல பாருங்க."

பதில் சொல்லத் தோன்றாமல், "அங்க பால்காரன் கிடையாது" என்றேன். அன்றைக்கு எனக்கு டீ தாமதமாகத்தான் வந்தது.

ஜனவரி 6

"கபடியில் உங்களை மாதிரி யாராவது பெரிய அளவில் உண்டா?" என்று கேள்வி. என்னை மாதிரி என்று சொன்னதற்கு நன்றி, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் போடுகிற ஒப்பு அது.

ஃபசல் அத்ராச்சலி. ஈரான்காரர், இடது கார்னர். புரோ கபடியில் யு மும்பா, பாட்னா, குஜராத், புனே, பெங்கால், டெல்லி. ஆறு அணி. லீக்கில் அதிக டேக்கிள் பாயின்ட், அதாவது ஆளைப் பிடித்ததற்கான பாயின்ட், அவருடையது. எவனாவது அவரைத் தோற்றவன் என்பானா? ஏலத்தில் கை தூக்க ஆள் இருந்துகொண்டே இருக்கிறது.

நம்மவர் ஒருத்தர் உண்டு, தர்மராஜ் சேரலாதன். தமிழ்நாட்டுக்காரர், தடுப்பாட்டக்காரர், லீக் முழுக்க அவருக்குப் பெயர் அண்ணாதான். வடக்கத்திப் பையன்களும் அண்ணா என்றே கூப்பிடுவார்கள். 2016-இல் பாட்னாவுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். பெங்களூரு, புனே, மும்பை என்று அணி மாறி, நாற்பதைத் தாண்டியும் களத்தில் நின்றார். நாற்பது வயதில் கணுக்கால் பிடி என்றால் என்ன என்று என் முழங்காலைக் கேளுங்கள். எனக்கு முப்பதுக்குள் லிகமென்ட் போய்விட்டது. மாடிப்படி இறங்கும்போது இன்றைக்கும் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன்.

இவர் போகிற அணிக்கெல்லாம் ஏன் போனார் என்பதை யோசித்தால், பிடிக்கு மட்டும் இல்லை என்று படுகிறது. பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையனிடம் "இப்ப போகாத, பொறு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். டேன்யோவும் ஆடி முடித்த பிறகு மான்ட்ரியலுக்கே உதவிப் பயிற்சியாளராகப் போய் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டார். அவரை விட்ட பத்தில் ஒன்று திரும்பக் கூப்பிட்டது.

ஜனவரி 7

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: எல்லாவற்றையும் மகனுக்குப் படித்துக் காட்டினாராம். பையன் கேட்டுவிட்டு, "பத்து டீம்னா பத்து ஜெர்சி கிடைக்கும்லப்பா?" என்றானாம்.

கிடைக்கும் தம்பி. என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஆட்டம் முடிந்ததும் பனியனைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

ஜனவரி 18

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நேற்று அலங்காநல்லூரில் மாடு முடிந்ததும் கூட்டம் அப்படியே கலைந்து எங்கள் பக்கத்து ஊர் கபடிக்கு வந்துவிட்டது. இப்போது மண் இல்லை, பச்சையும் ஆரஞ்சுமாக மேட் போட்டிருக்கிறார்கள், எல்லோர் காலிலும் ஷூ. எல்.இ.டி. விளக்கு பகல் மாதிரி. காலெல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கமிட்டிக்காரர் ஒருத்தர் தேடி வந்தார். "அண்ணே, எங்க டீமுக்கு லெஃப்ட் கார்னர் ஒருத்தன் வரல. ஒரே ஒரு மேட்ச்." ஒரு நொடி கால் தானாகத் திரும்பியது, பொய் சொல்லவில்லை. முழங்காலைத் தட்டிக் காட்டினேன். பதினாலாவது ஊர் தப்பிப் போனது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், கல்லூரி இரண்டாம் வருடம், நல்ல பிடி, உள்ளூர் டீமில் உட்கார வைத்தே வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் போன் போட்டேன். இருபது நிமிடத்தில் பைக்கில் வந்து நின்றான். பனியன் பெரிசாக இருந்தது, முதுகில் வேறு எவனோ பெயர். மேட்டில் ஏறப் போனவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல்ல பேசுன காசக் கையில வாங்கு. அப்புறம் ஏறு."

"அண்ணே, எப்படிண்ணே கேக்குறது..."

"கேளுடா."

முழங்கால் வலித்ததால் முதல் பாதியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜெயித்தார்களா தெரியவில்லை. பதினொன்றரைக்கு அவனிடமிருந்து ஒரு மெசேஜ்: "அண்ணே வாங்கிட்டேன். தேனிப் பக்கம் ஒரு ஊர்ல இருந்து நம்பர் கேட்டாங்க. குடுக்கவா?"